கழிவுநீர்க் கலப்பும் இயந்திரக் கற்றலும்: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடவேண்டாம்

போன மாதம் இரண்டு மாணவர்கள் லாப்டொப்போடு வந்தார்கள். யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் விழும் ஒரு வாய்க்காலின் கழிவுநீர் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு ஐதாகும் என்று சொல்லும் மொடல். ஆர்-ஸ்குயார் (கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98. இருவர் முகத்திலும் வெளிச்சம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிட்டத்தட்ட அதே எண்ணை அதே முகத்தோடு நானும் ஒருகாலத்தில் காட்டியவன்.

விடுபட்ட தரவு, மாறிப்போன அலகு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விடுவோம்.

தரவைக் குலுக்கிப் பிரிப்பது

எங்கள் சென்சர் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, கலப்பைக் காட்டும் உவர்த்தன்மையைப் பதியும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை அளந்தோம். சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளில் தரவைப் பிரிக்கும் கட்டளையை அப்படியே ஓடவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது வரிசையைக் கலைத்துத்தான் பிரிக்கும். 10.10உம் 10.30உம் மொடல் படிக்கும் பயிற்சித் தரவுக்குள் போக, 10.20 அதைப் பரீட்சிக்கும் சோதனைத் தரவுக்குள் விழும். இருபது நிமிடத்தில் கடனீரேரித் தண்ணீர் எவ்வளவு மாறிவிடும்? இடைப்பட்டதைச் சொல்லக் காற்றும் தேவையில்லை, வற்றுப்பெருக்கும் தேவையில்லை. மொடல் கலப்பைப் படிக்கவில்லை. பக்கத்து வரியைப் பார்த்து எழுதியது.

அப்புறம் யூலை வந்தது. கரையோரம் நன்றாக ஐதாகிவிட்டது என்றது மொடல். அங்கே போய் நின்றால் மூக்கு வேறு கதை சொன்னது. வலை காயவிட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வாடைக்கு ஊத்தை வெளிய போகும். சோளகத்துக்குக் கரையோட ஒட்டிக்கொண்டு நிக்கும். இது தெரியாமலே தம்பி இவ்வளவு வயர் கட்டி வைச்சிருக்கிறியள்?"

வாடை வடகிழக்குப் பருவக்காற்று, சோளகம் தென்மேற்குப் பருவக்காற்று. எங்களிடம் இருந்தது முழுக்க வாடைக்காலத் தரவு. அறிக்கையோ வேலை தந்தவர்களிடம் ஏற்கெனவே போய்விட்டது, மாதிரி எடுக்கும் இடங்களைக் கரையிலிருந்து தள்ளிப் போட்டபடி. திரும்பவும் ஒரு சோளகம் முழுக்க அளந்தோம், கைக்காசில். அவர்களிடம் மீதிப் பணத்தைக் கேட்க வாயும் வரவில்லை.

கிழமை கிழமையாக வெட்டிப் பிரியுங்கள். முடிந்தால் ஒரு பருவத்தையே ஒதுக்கி வையுங்கள். ஆய்வுகூடத் தொட்டியிலும் இதே கதைதான்: ஒரே தாரையில் 40 புள்ளி அளந்தால் அது 40 பரிசோதனை அல்ல, ஒன்று. அந்த ஒன்று முழுதாக ஒரு பக்கம்தான் நிற்கவேண்டும். ஒரு குழுவைப் பிரிக்காமல் முழுதாக ஒரு பக்கம் வைக்கும் குரூப் கே-ஃபோல்ட் முறை இருப்பதே இதற்குத்தான்.

அந்த மாணவர்களையும் அப்படி வெட்டிப் பார்க்கச் சொன்னேன். 0.98, 0.41 ஆனது. ஆவணியில் அளக்க வள்ளம் தேடுகிறார்கள்.

அடர்த்தியை மறப்பது

கடல்நீர் கனமீற்றருக்கு ஏறத்தாழ 1025 கிலோ. வீட்டுக் கழிவுநீர் நன்னீரைப்போல 1000க்குக் கிட்ட. ஆகவே அது மேலே மிதந்து பரவும். அடியில் கட்டிய சென்சருக்கு ஒன்றும் தெரியாது. கோடையில் ஆழமில்லாத கடனீரேரி வற்றிக் கடலைவிட உப்பாகும், மாரியில் உப்பு இறங்கும். அதே குழாய், அதே பாய்ச்சல், வேறு கலப்பு. வேகம், குழாய் விட்டம், அடர்த்தி வித்தியாசம் எல்லாவற்றையும் தனித்தனியே ஊட்டாமல், தாரையின் உந்தலை மிதப்போடு ஒப்பிடும் அலகில்லா எண்ணான அடர்த்திசார் புரூட் எண்ணாக்கிக் கொடுங்கள். தொட்டியில் கற்றது வெளியிலும் ஓரளவு செல்லும்.

கோலிஃபோம் எண்ணிக்கையை அப்படியே கொடுப்பது

மலக்கழிவைக் காட்டும் இந்தப் பற்றீரியாவின் எண்ணிக்கை பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு என்று தாவும். மடக்கை எடுங்கள்.

"கண்டறியப்படவில்லை" என்பதைப் பூச்சியமாக்குவது

அது பூச்சியமல்ல, பரிசோதனை அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே என்றுதான் பொருள். பூச்சியத்துக்கு மடக்கை இல்லை, மேலே எடுத்த மடக்கையும் அங்கேயே உடையும்.

ஐதாக்கம் 0.7 என்று வந்தும் பேசாமலிருப்பது

ஐதாக்கம் என்பது குழாய் வாயிலின் செறிவை வெளியே உள்ள செறிவால் வகுத்தது. அது 1க்குக் கீழே என்றால், குழாய் வாயிலில் இருந்ததைவிட வெளியே ஊத்தை கூடிவிட்டதாமா?