ஐந்தாவது சேலைக்குப் பிறகு

மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்காக ஓர் இணையப்பக்கம் எழுதியபோது, ஐந்து சேலைகளின் படங்களை ஓர் அரேயில், அதாவது எண்ணிட்ட பட்டியலில், இட்டு, மூன்று நொடிக்கு ஒன்றாக மாறும்படி செட்இன்டர்வெல் என்ற டைமரை வைத்து அமைத்திருந்தேன். ஐந்தாவது சேலைக்குப் பிறகு உடைந்த படக்குறி மட்டுமே நின்றது. "சரக்குத் தீர்ந்துபோச்சுன்னு நினைச்சிருவாங்கப்பா" என்றார் சித்தப்பா.

அரேயில் எண்கள் 0-இல் தொடங்குவதால் கடைசிப் படத்தின் எண் 4. நானோ 5, 6 என்று ஏற்றிக்கொண்டே போனதால், படத்தின் முகவரியாக 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு எதுவும் இல்லை) என்ற சொல்லே போய்ச் சேர்ந்திருந்தது. எண்ணுடன் ஒன்றைக் கூட்டி, அரேயின் நீளத்தால் வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொண்டதும், மாசி வீதிகளைச் சுற்றிய தேர் நிலைக்கு வருவதுபோல 5 மறுபடியும் 0 ஆனது.

முந்தைய படத்துக்கான பொத்தானில்தான் பாதி இரவு கழிந்தது. முதல் படத்தின் எண்ணான 0-இலிருந்து ஒன்றைக் கழித்தால் -1. பக்கத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் -1-ஐ 5-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி, நான் நம்பியிருந்த 4 அன்று, -1 தான். ஆகவே ஒன்றைக் கழித்த பின் நீளத்தையும் கூட்டிவிட்டே வகுக்க வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய டைமர் ஒன்று சேர்ந்துகொள்ள, படங்கள் தலைதெறிக்க ஓடின. பழைய டைமரைக் கிளியர்இன்டர்வெல் கொண்டு நிறுத்திய பிறகே புதியதைத் தொடங்கும்படி மாற்றியதும் அதுவும் அடங்கியது.