பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறைந்த செலவில் இன்ஜெக்ஷன் இன்ஜின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்துவிடும். சோக்கை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட் செய்வது, சூடான இன்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம்பிடிப்பது, இரட்டை கார்புரேட்டர்களை அடிக்கடி சமன்படுத்துவது, இதெல்லாம் போதும். இன்ஜெக்ஷன் (பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் முறை) உள்ள ஓர் இன்ஜினை மலிவாக வாங்கி வைத்துவிடலாம் என்று. நல்ல எண்ணம்தான். ஒழுங்காகச் செய்த மாற்றம், எப்போதாவது வெளியே எடுக்கும் காரைத் தினமும் ஓட்டக்கூடிய காராக்கிவிடும். ஆனால் பாதி வேலையில் நின்று, பெட்டி பெட்டியாக உதிரி பாகங்களோடு விற்பனைக்கு வரும் கார்களும் நிறைய. அவற்றில் பலவற்றில் இன்ஜினைத் தேர்ந்தெடுத்த அன்றே கணக்கு தப்பியிருக்கும்.

இன்ஜின் விலையைச் செலவு என்று நினைப்பது

பழைய கார் உடைக்கும் இடத்தில் ஓர் இன்ஜின் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிடுவதுதான் முதல் தவறு. மொத்தச் செலவில் இன்ஜின் ஒரு சிறு பங்குதான். மவுன்ட், கிளட்ச், கியர்பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர், நீளம் மாற்றிய ப்ராப்பெல்லர் ஷாஃப்ட், புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ரேடியேட்டர், பெட்ரோல் பம்பு, குழாய்கள், வயரிங், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ என்று பட்டியல் நீளும். அடாப்டரையும் மேனிஃபோல்டையும் தனியாகச் செய்யச் சொன்னால், அவை மட்டுமே இன்ஜின் விலையைத் தாண்டிவிடும்.

அதிலும் முன்சக்கர இயக்கக் காரிலிருந்து எடுத்த இன்ஜின் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அது காரில் குறுக்காக உட்கார்ந்திருந்த இன்ஜின். பின்சக்கர இயக்கக் காரில் அதை நெடுக்காகத் திருப்பி வைக்கும்போது, சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாய் இன்ஜின் அறையின் பின்சுவரில் இடிக்கும். அடியில் எண்ணெய் தேங்கும் சம்பின் ஆழமான பகுதி முன் குறுக்குச் சட்டத்தின் மேல் வந்து நிற்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இடம் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தனிச் செலவு.

அதனால்தான் சிறிய பிரிட்டிஷ் கார்களில் மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்ஜினுக்கு இவ்வளவு மவுசு. 1989இல் வந்த அந்தக் காரில் 1.6 லிட்டர் இன்ஜின், பிறகு 1.8 லிட்டர், இரண்டுமே நெடுக்காக, பின்சக்கர இயக்க ஐந்து கியர் பெட்டியோடு, இன்ஜெக்ஷனோடு சேர்ந்தே வந்தவை. இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், இசியூ, சென்சார்கள் எல்லாம் ஒரே காரிலிருந்து கிடைக்கும். டொயோட்டாவின் 1587 சிசி 4ஏ-ஜிஇ இன்ஜினும் நல்ல தேர்வுதான். ஆனால் அது பின்சக்கர இயக்கக் கொரோலாவிலும் வந்தது, முன்சக்கர இயக்கக் கொரோலாவிலும் வந்தது, எம்ஆர்2விலும் வந்தது. எந்தக் காரிலிருந்து எடுத்தது என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

என் அபிப்பிராயம் இதுதான்: இன்ஜினைத் தனியாக வாங்காதீர்கள். மோதி நசுங்கியதோ துருப்பிடித்ததோ, ஓடக்கூடிய நிலையில் உள்ள முழுக் காராக வாங்குங்கள். கழற்றும் முன் அதை ஓட்டிப் பார்க்கலாம், சிலிண்டர் அழுத்தம் சோதிக்கலாம், ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளலாம். தேவையானதை எடுத்தபின் மிச்சத்தை விற்றால் போட்ட பணத்தில் ஒரு பகுதியும் திரும்பும்.

குதிரைசக்தியைப் பார்த்து, எடையைப் பார்க்காமல் விடுவது

சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் அதன் முன்பக்கம் லேசாக இருப்பதில்தான் இருக்கிறது. அங்கே ஐம்பது கிலோ கூடினாலும் ஸ்டியரிங் கனக்கும், வளைவில் கார் வெளியே தள்ளும். சிலிண்டர் எண்ணிக்கையை வைத்து எடையை ஊகிக்கவும் கூடாது. 1961இல் பியூக் கொண்டுவந்த அலுமினிய வி8 இன்ஜினின் உரிமையை ரோவர் வாங்கி, 1967இலிருந்து 3528 சிசி இன்ஜினாகத் தன் கார்களில் பொருத்தியது. அதே இன்ஜினை எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி காரில் வைத்து விற்றது. வழக்கமான எம்ஜிபியில் இருந்த 1798 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு. எட்டு சிலிண்டர் இருந்தும் அலுமினிய வி8 எடையில் ஏறக்குறைய அதற்குச் சமம்தான். ரேஞ்ச் ரோவரில் இதே குடும்பத்து இன்ஜின் பிற்காலத்தில் இன்ஜெக்ஷனோடு வந்தது என்பதால் எம்ஜிபிக்காரர்களுக்கு இது இன்றும் எட்டக்கூடிய வழி. ஆனால் இன்ஜெக்ஷன் மேனிஃபோல்டு உயரமானது. பானட் மூடுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

இன்ஜினைத் தாண்டியும் யோசிக்க வேண்டும். எம்ஜி மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களின் பின் ஆக்ஸிலும் டிஃபரென்ஷியலும் சிறிய இன்ஜினை மனத்தில் வைத்துச் செய்தவை. சக்தியை இரண்டு மடங்காக்கினால் அடுத்து உடைவது அவைதான். பிரேக்கையும் அதோடு சேர்த்து மேம்படுத்தப் பணம் ஒதுக்க முடியவில்லை என்றால், சின்ன இன்ஜினே சரியான இன்ஜின்.

இன்ஜினை மாற்றத்தான் வேண்டுமா?

பலருக்கு உண்மையில் வேண்டியது அதிக சக்தி இல்லை. எந்தக் காலையிலும் உடனே ஸ்டார்ட் ஆகி, சீராக ஓடும் வண்டி. அதற்குப் பழைய இன்ஜினிலேயே இன்ஜெக்ஷன் வைத்தால் போதும். டாட்சன் 240இசட் வைத்திருப்பவருக்கு வழி மிகவும் எளிது. அதன் எல்24 இன்ஜினின் பெரிய தம்பியான எல்28, 1975இல் 280இசட் காரில் பாஷ் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனோடு வந்தது. 1981இல் 280இசட்எக்ஸில் டர்போவோடும் வந்தது. ஒரே குடும்பம் என்பதால் அதே மவுன்டில் உட்காரும். இப்படிச் சொந்தக் குடும்பத்திலேயே இன்ஜெக்ஷன் இன்ஜின் இருக்கிறதா என்று தேடாமல் வேற்று நிறுவன இன்ஜினுக்குப் போவது வீண் செலவு.

எல்லா இன்ஜினும் இப்படிச் சுலபமாக வழிவிடாது. மினி, மிட்ஜெட், எம்ஜிபி ஆகியவற்றில் உள்ள ஏ-சீரிஸ், பி-சீரிஸ் இன்ஜின்களில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே இன்டேக் வழி. சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 என்ற வரிசையில் பார்த்தால் 3க்கு அடுத்து உடனே 4 மூச்சிழுக்கும். 2க்கு அடுத்து உடனே 1. பிறகு அந்த வழி வெகுநேரம் சும்மா இருக்கும். சாதாரண முறையில் ஒரு வழிக்கு ஓர் இன்ஜெக்டர் வைத்துத் தெளித்தால், அந்த இடைவெளியில் சேர்ந்த பெட்ரோலை முதலில் இழுக்கும் உள் சிலிண்டர்கள் 2ம் 3ம் எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் உள்ள 1க்கும் 4க்கும் பெட்ரோல் பற்றாது. சராசரியைக் காட்டும் ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் சரி என்றே சொல்லும், இரண்டு பிஸ்டன்கள் மட்டும் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். ரோவரே 1991 மினி கூப்பரில் ஒற்றை இன்ஜெக்டர் த்ராட்டில் பாடியைத்தான் (உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) வைத்தது. 1996இல்தான், நேரம் பார்த்துத் தெளிக்கும் இரட்டை இன்ஜெக்டர் முறை வந்தது. இந்த இன்ஜின்களுக்குச் செலவும் தலைவலியும் குறைந்த வழி, கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டர் உள்ள த்ராட்டில் பாடிதான்.

அழகுக்காக மோட்டார் சைக்கிளிலிருந்து நான்கு தனித்தனி த்ராட்டில் பாடிகளை எடுத்து வைப்பவர்களும் உண்டு. சத்தம் அருமையாக இருக்கும். ஆனால் மேனிஃபோல்டு வெற்றிடம் குலுங்கும். அதை நம்பி அளவு கணிக்கும் இசியூவும் தடுமாறும், அந்த வெற்றிடத்தால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் சர்வோவுக்கும் போதாது. முதல் இன்ஜெக்ஷன் வேலையில் இது வேண்டாம்.

பெட்ரோல் பாதையில் கஞ்சத்தனம்

உயிர் சம்பந்தப்பட்ட பகுதி இது. கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). வழக்கமான இன்ஜெக்ஷனில் அது 43 பிஎஸ்ஐ, ஜிஎம் எல்எஸ் வகை இன்ஜின்களில் 58. பழைய ரப்பர் ஹோஸும் திருகு கிளிப்பும் இந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. ஆர்7 தர ஹோஸ் கார்புரேட்டருக்கானது. இன்ஜெக்ஷனுக்கு ஆர்9 என்று அச்சிட்டதுதான் வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் பழைய ரப்பர் இன்னும் சீக்கிரம் கெடும். இரும்புக் குழாயின் முனையில் ஹோஸ் நழுவாமல் இருக்க மேடு இருக்க வேண்டும். கிளிப் ரப்பரை அறுக்காத வழவழப்பான வகையாக இருக்க வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் மேல் இந்த அழுத்தத்தில் கசிந்தால் அது சொட்டாது, பீய்ச்சும்.

அடுத்தது டேங்க். பழைய டேங்குக்குள் தடுப்புகள் இருக்காது. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்பு காற்றை இழுக்கும். கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணத்தில் கொஞ்சம் இருப்பு இருந்ததால் இது தெரிந்ததே இல்லை. இன்ஜெக்ஷனில் அந்த நொடியே இன்ஜின் திணறும். இரண்டு வழி உண்டு: தடுப்பும் உள் பம்பும் உள்ள டேங்க், அல்லது பழைய பம்பு ஒரு சிறு கலத்தை நிரப்ப, அதிலிருந்து உயர் அழுத்த பம்பு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டாவது மலிவானது, நன்றாகவே வேலை செய்யும். வெளிப்பம்பு வைத்தால் டேங்குக்குப் பக்கத்தில், அதன் அடிமட்டத்துக்கும் கீழே வையுங்கள். அது தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் அல்ல. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப இன்னொரு குழாய் போட வேண்டியிருக்கும். பல வருடத் துரு இருக்கும் டேங்கைச் சுத்தம் செய்யாமல் புது இன்ஜெக்டர்களை இணைத்தால் அவை அடைத்துக்கொள்ளும்.

இன்ஜின் நின்றாலோ கார் மோதினாலோ பம்பு தானாக நிற்க வேண்டும். முதலாவதை இசியூ பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு மோதலின் அதிர்ச்சியில் பம்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓர் இனெர்ஷியா ஸ்விட்ச் கட்டாயம். எங்கே சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

மின்சாரமும் மூளையும்

1967 வரை வந்த எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். சார்ஜ் ஏற்ற டைனமோ. இசியூவுக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பம்பு, இன்ஜெக்டர், இக்னிஷன், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது டைனமோ தாங்காது. முதலில் அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், பிறகுதான் இன்ஜெக்ஷன். இசியூவின் எர்த் வயரை இன்ஜினிலேயே ஒரே இடத்தில் சேருங்கள். ஸ்பார்க் பிளக் வயர் பழைய செம்புக் கம்பி வகையாக இருந்தால் அதன் மின்காந்த இரைச்சல் சென்சார் சிக்னலைக் குழப்பும். ரெசிஸ்டர் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

இன்ஜினோடு வந்த இசியூவையே பயன்படுத்தலாமா? 1990களின் நடுவுக்கு முந்தையது என்றால் பெரும்பாலும் தாராளமாக. அதற்குப் பிந்தைய கார்களில் சாவி, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், மீட்டர் பெட்டி எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் பார்க்கும். ஒன்று இல்லையென்றால் இன்ஜின் ஓடாது. எலக்ட்ரானிக் த்ராட்டில் இருந்தால் பெடலையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதெல்லாம் கிடைக்காதபோது மெகாஸ்க்வர்ட், ஸ்பீடுயினோ போன்ற தனி இசியூக்கள் மலிவான வழி. ஆனால் அவற்றில் ட்யூனிங்கை நீங்களே கற்க வேண்டும், அல்லது அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். பெட்ரோலோடு இக்னிஷனையும் அதே இசியூவிடம் கொடுத்துவிடுங்கள். கிராங்க்கில் 36-1 அல்லது 60-2 பல் சக்கரமும் (36இல் ஒரு பல்லோ 60இல் இரண்டு பல்லோ இல்லாதது) சென்சாரும் வைத்தால் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரின் ஆட்டம் பாதிக்காது.

பதிவுச் சட்டமும் காப்பீடும் ஊருக்கு ஊர் வேறு. இன்ஜின் எண் மாறினால் என்ன ஆகும், புகைச் சோதனை எந்த வருடக் கணக்கில் நடக்கும் என்று பணம் கொடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள். கழற்றிய பழைய இன்ஜினை விற்காமல் எண்ணெய் ஊற்றிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் காரை வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனபின், எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் ட்யூன் செய்யாதீர்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று நுழைந்து, பெட்ரோல் குறைவு என்று பொய் அளவு காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனால் பிளக்குகள் கருகும். நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் காற்று 14.7க்குப் பெட்ரோல் 1 என்ற விகிதத்தை ஒட்டி வந்தபின், படிப்படியாகச் சுமையைக் கூட்டுங்கள். முழு த்ராட்டிலில் விகிதம் 13க்குக் கீழே இருக்கிறது என்று சென்சார் காட்டும்வரை பெடலைத் தரையோடு அழுத்த வேண்டாம்.