சைட்டேஷன் மேப் போடுறீங்களா, மொதல்ல அம்புக்குறி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க

ஒரு துறையில இருந்து இன்னொரு துறைக்கு அறிவு எப்படி போச்சுன்னு சைட்டேஷன் (ஒரு பேப்பர் தனக்கு முந்தின பேப்பரை மேற்கோளாக் காட்டுறது) வச்சு மேப் போடுறப்ப வர்ற தப்புகளை, இணைப்புகளோட அமைப்பை ஆராயுற நெட்வொர்க் சயின்ஸை வச்சே சொல்றேன், ஏன்னா அதுல சோஷியாலஜி, பிசிக்ஸ், கணக்கு, பயாலஜி எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடக்கு.

பெரிய தப்பு அம்புக்குறிதான். 1998-ல வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் நேச்சர் ஜர்னல்ல எழுதின ஸ்மால் வேர்ல்ட் (யாரும் யாருக்கும் சில கண்ணி தூரம்தான்ங்கிற கருத்து) பேப்பர், 1967-ல சைக்காலஜிக்காரர் மில்கிராம் எழுதினதை சைட் பண்ணுது. டேட்டாவை அப்படியே கெஃபில (நெட்வொர்க் படம் வரையுற சாஃப்ட்வேர்) ஏத்தினா அம்பு கிளம்புற சோர்ஸ் பக்கம் 1998, போய்ச் சேர்ற டார்கெட் பக்கம் 1967-ன்னு விழும், ஆனா அறிவு வந்தது மில்கிராம்கிட்ட இருந்து இவங்களுக்கு. ரெண்டையும் மாத்திப் போடாம விட்டா, வாங்கின துறை குடுத்த துறையா படத்துல நிக்கும், அதை வச்சு எழுதுற முடிவு மொத்தமும் தலைகீழ்.

அதே மில்கிராம் கட்டுரை வந்தது சைக்காலஜி டுடேங்கிற பத்திரிகையில, ஆராய்ச்சி ஜர்னல்ல இல்ல. உங்க டேட்டாபேஸ்ல அதுக்குன்னு தனி ரெக்கார்டு இல்லேன்னா அந்தப் புள்ளியே வராது, சைக்காலஜி ஒண்ணுமே குடுக்கலன்னு தோணும். புத்தகமா எழுதுற துறைகளுக்கும் இதே கதிதான். அதனால ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை கையால ஒரு தடவை பாத்துருங்க, ஒரே பேப்பர் நாலு ஸ்பெல்லிங்ல உக்காந்திருக்கும்.

துறையை ஜர்னலை வச்சுப் பிரிக்காதீங்க. வாட்ஸ் பேப்பர் நேச்சர், 1999-ல நெட்வொர்க் எப்படி வளருதுன்னு சொன்ன பராபாசி-ஆல்பர்ட் பேப்பர் சயின்ஸ் ஜர்னல், ரெண்டுமே "பல்துறை"ன்னு ஒரே டப்பாவுல விழுந்துரும், யாரு பிசிக்ஸ் யாரு கணக்குன்னு தெரியாது. பேப்பர் பேப்பரா, அது எதை சைட் பண்ணுதுன்னு பாத்துப் பிரிங்க.

கோ-சைட்டேஷனை அறிவோட ஓட்டம்னு நினைக்கிறதும் தப்பு. ரெண்டு பேப்பரை பின்னாடி வந்தவங்க சேர்த்து சைட் பண்றாங்கன்னுதான் அது காட்டும், அதுல திசையே கிடையாது. அப்புறம் 300 ரெஃபரன்ஸ் போட்ட ரிவ்யூ பேப்பர் மேப்பையே இழுத்துரும், ஃப்ராக்ஷனல் கவுன்டிங் வைங்க, அதாவது ஒரு பேப்பரோட மொத்த எடையை அதோட ரெஃபரன்ஸ்களுக்குப் பங்கு போட்டுக் குடுங்க.

கடைசியா ஒண்ணு, இதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன். ஏற்கனவே நெறைய சைட்டேஷன் வாங்கின பேப்பருக்கே மேலமேல சேரும்ங்கிறதை சயின்ஸ் வரலாற்றை ஆராய்ஞ்ச டெரெக் பிரைஸ் 1976-லயே மாடலா எழுதிட்டார், பிசிக்ஸ்காரங்களான பராபாசியும் ஆல்பர்ட்டும் 1999-ல அதே மாதிரி கருத்துக்குத் தனியா வந்து சேந்தாங்க. கருத்து ஒண்ணா இருக்கேன்னு நடுவுல நீங்களா கோடு போட்டுராதீங்க. அங்க கோடு இல்லாததுதான் உண்மை, ஒரு துறைக்குத் தெரிஞ்சது இன்னொரு துறைக்குப் போய்ச் சேரலங்கிறதை உங்க மேப் அங்கதான் காட்டுது.