வெயில் பட்ட தோல் திட்டுக்கு கிரீம் பூசுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பல வருடம் வெயில் பட்ட நெற்றி, மூக்கு, வழுக்கைத் தலை, புறங்கை ஆகிய இடங்களில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான திட்டுகள் வரும். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தட்டுப்படும். இதற்கு ஆக்டினிக் கெரடோசிஸ் என்று பெயர். இது புற்றுநோய் அல்ல. ஆனால் சில திட்டுகள் நாளடைவில் தோல் புற்றுநோயாக மாறலாம் என்பதால்தான் சிகிச்சை.

அதிகம் பேர் செய்யும் தவறு, கிரீமைப் பாதியில் நிறுத்துவது. இதற்குத் தரும் 5% ஃப்ளூரோயுராசில் கிரீமைப் பெரும்பாலும் தினம் இரண்டு வேளை, 2 முதல் 4 வாரம் பூசச் சொல்வார்கள். முதல் சில நாள் ஒன்றுமே தெரியாது. அப்புறம் தோல் சிவந்து, எரிந்து, பொருக்குத் தட்டும். கண்ணாடியில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். வேகமாகப் பெருகும் கெட்ட செல்கள் டிஎன்ஏ உருவாக்க முடியாமல் மடிவதன் அடையாளம் அது. இதுவரை தெரியாத திட்டுகளும் அப்போது சிவந்து வெளியே வரும். எனவே ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். அதே சமயம் காய்ச்சல், சீழ், வாய்ப்புண், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, தாங்க முடியாத வலி வந்தால் பூசுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த மருந்தைச் சிதைக்கும் டிபிடி என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளும் இதைப் பூசக் கூடாது.

நிறையப் பூசினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் தவறு, புண்தான் பெரிதாகும். மருத்துவர் சொல்லாமல் மேலே கட்டுப் போடாதீர்கள். பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெயிலில் போக நேர்ந்தால் தொப்பி அவசியம்.

வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறதா? தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். ஃப்ளூரோயுராசில் டியூபைக் கடித்தாலும், கிரீம் பூசிய தோலை நக்கினாலும் அவை செத்துப்போகலாம். நாய்கள் இறந்ததையடுத்து 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இது குறித்து எச்சரித்தது. டியூபைப் பூட்டி வையுங்கள், துடைத்த பஞ்சை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. இந்தத் திட்டுகளுக்கான டைக்ளோஃபினாக் ஜெல் 3%, அதை 60 முதல் 90 நாள் பூச வேண்டும். மூட்டு வலிக்கு வைத்திருக்கும் 1% ஜெல் அதற்கு மாற்று ஆகாது. ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இதே திட்டுகளுக்குத் தந்துவந்த இன்ஜெனால் மெபுடேட் என்ற பழைய ஜெல் மிச்சமிருந்தால் பூசவே வேண்டாம். தோல் புற்றுநோய்ச் சந்தேகத்தால் 2020-ல் ஐரோப்பாவில் அதை நிறுத்தி வைத்தார்கள்.

மிச்சமான கிரீமைப் புதிய திட்டில் பூசுவதும், வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பதும் வேண்டாம். தடித்து, வலித்து, ரத்தம் கசிந்து, வேகமாக வளரும் திட்டு ஏற்கெனவே புற்றுநோயாக இருக்கலாம். கிரீம் மேற்பரப்பை ஆற்றி அதை மறைத்துவிடும். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்த பிறகே அதற்கு என்ன மருந்து என்று சொல்ல முடியும்.