வலது முட்டி வலி: குற்றவாளி ரோட்டுச் சரிவு

மாரத்தான் பயிற்சியில் மூன்று வாரம் வீணான கதை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் பக்கம் நானும் கூட்டாளியும் ஓடுவோம். சரியாக ஏழாவது கிலோமீட்டரில் வலது முட்டியின் வெளிப்பக்கம் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். நடந்தால் ஒன்றுமில்லை, மாடிப்படி இறங்கினால் மறுபடியும் சுருக்கென்று பிடிக்கும்.

ஷூ மாற்றினேன், முட்டிக்கு உறை போட்டேன், ஐஸ் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அதே தூரம் ஓடும் கூட்டாளிக்கு வலியே இல்லை!

ஒருநாள் ரோட்டில் படுக்கவைத்த தண்ணீர் பாட்டில் தானாக ஓரத்துக்கு உருண்டது. மழைநீர் வடிய மீட்டருக்கு 2 செ.மீ. போலச் சரிவு இருக்கும். எதிரே வண்டி தெரியவேண்டும் என்று போகவர வலது ஓரத்திலேயே ஓடுவோம். சரிவு கூடுதலான விளிம்பில் எப்போதும் நான், உள்பக்கம் அவன். என் வலது கால்தான் ஒவ்வொரு அடியிலும் பள்ளத்தில். இடுப்பிலிருந்து முட்டி வெளிப்பக்கம் இறங்கும் நார்ப்பட்டை இழுபட்டு வலிக்கும்.

பத்து நாள் ஓட்டம் நிறுத்தம். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, 15 தடவை, மூன்று சுற்று. பிறகு வ.உ.சி. மைதானத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் 3 கி.மீ., பாதியில் திசை மாற்றி. ரோட்டுக்குத் திரும்பியபின் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்கிறோம். நேற்று 18 கி.மீ., வலி இல்லை.