வின்சுக்கு எத்தனை ஸ்கொயர் எம்எம் கேபிள் போடணும்?

வண்டி பாலாற்று மணலில் புதைந்தாலும் சரி, மழை விட்டதும் பீஞ்சமந்தை மலைப்பாதைச் சேற்றில் மாட்டினாலும் சரி, அதை இழுத்து வெளியே எடுக்க பம்பரில் மாட்டும் மோட்டார் கருவியான வின்ச் இழுக்காமல் முனகினால் எல்லாரும் மோட்டாரைத்தான் திட்டுகிறோம். இழுத்து நிறுத்தியதும் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? கோளாறு அங்கேதான்.

12 வோல்ட்டில் ஓடும், 9500 பவுண்டு வரை இழுக்கும் வின்ச் முழு லோடில் 400 ஆம்பியர் வரை எடுக்கும். வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசியே பத்து ஆம்பியருக்குள்தான், அப்படியென்றால் இது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

கணக்கு சுலபம். 0.018-ஐ (செம்பின் மின்தடைக்கான எண்) மொத்த நீளத்தால் (மீட்டரில்) பெருக்கி, ஆம்பியரால் பெருக்கி, கேபிளின் ஸ்கொயர் எம்எம்மால், அதாவது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால், வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று வந்துவிடும். ஒரு வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. மொத்த நீளம் என்றால் போவதும் வருவதும் சேர்த்து, இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முன் பம்பரில் வின்ச், பேட்டரியிலிருந்து 2 மீட்டர் என்றால் கணக்குக்கு 4 மீட்டர். 35 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.82 வோல்ட்தான் போகும், போதும். அதே வின்சைப் பின்னால் மாட்டி 5 மீட்டர் ஓட்டினால் அது 10 மீட்டர், 35-இல் 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், 70 போட்டால்தான் ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதே ஆம்பியரை அதிக நேரம் குடித்துச் சூடாகும். அதைவிட மோசம், சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய மின்காந்த சுவிட்ச்) படபடவென்று அடித்து உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் சுவிட்சை விட்டாலும் வின்ச் நிற்காது.

வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு, மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் நன்றாக வளையும். ஆனால் காப்பரா என்று பார்த்து வாங்குங்கள். நான் ஒரு தடவை விலையைப் பார்த்து ஏமாந்தேன்: மேலே செம்பு நிறம், பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. கடையிலேயே நுனியைச் சுரண்டிப் பாருங்கள், தப்பே இல்லை.

கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். நெகட்டிவை சேஸிஸில் கட்டி மிச்சம் பிடிக்க வேண்டாம், அதே அளவுக் கேபிளில் நேராகப் பேட்டரிக்கே கொண்டு போங்கள்.

அப்புறம் நம்ம வேலூர் வெயில். மே மாதம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும்போது பானெட்டுக்குள் எப்படி இருக்கும்! கணக்கில் இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடுங்கள். கேபிள் சைலன்சர் பக்கம் போகாமல், தகட்டில் உரசும் இடத்தில் ரப்பர் வைத்துக் கட்டுங்கள். பாசிட்டிவ் லைனில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இணைப்பையே துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வைத்து, வின்ச் வேலை இல்லாதபோது ஆஃப் செய்துவிடுங்கள்.