இன்ஜினைப் பிரிக்கும் முன் அழுக்கெடுப்பது எப்படி? பழைய மாருதி 800-ஐ வைத்து ஒரு செய்முறை

இருபத்தைந்து வருஷம் ஓடிய மாருதி 800-இன் பானெட்டைத் தூக்கினால், ஆயிலும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து இறுகிய கறுப்பு அடைதான் முதலில் கண்ணில் படும். இதை அப்படியே வைத்துக்கொண்டு ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) கழற்றினால், அந்த அடையில் இருக்கும் மணல் நேராக சிலிண்டருக்குள்ளும் ஆயில் வழிகளுக்குள்ளும் உதிரும். கிராங்க் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பேரிங்கின் இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர்தான், ரோட்டு மணலின் ஒரு பருக்கை அதைவிடப் பெரியது. புதுப் பேரிங் போட்டும் கோடு விழுந்துவிட்டது என்று புலம்புகிற பலருக்கு, வினை தொடங்கியது பிரித்த அன்றைக்கேதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. போல்ட் தலையைச் சுற்றி அழுக்கு அடைத்திருந்தால் சாக்கெட் முழுசாக உட்காராது. பாதி உட்கார்ந்த சாக்கெட்டில் பலம் கொடுத்தால் தலை மழுங்கிவிடும். பிறகு அந்த ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டவே அரை நாள் போகும்.

இங்கே சொல்வது 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த 800-க்கு. மற்ற பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கும் முறை இதேதான்.

என்னென்ன வேண்டும்

டீசல் இரண்டு லிட்டர். தண்ணீரில் கரையும் டிகிரீசர் (எண்ணெய்ப்பசை நீக்கும் திரவம்) அரை லிட்டர். பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம். ஒரு இன்ச், இரண்டு இன்ச் பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ் நாலைந்து, பித்தளைக் கம்பி பிரஷ் ஒன்று. சுரண்டத் தட்டையான மரத்துண்டோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரோ. இரும்பு ஸ்கிரேப்பர் பிளாக்குக்கு (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) மட்டும். தடித்த பாலித்தீன் கவர்கள், ரப்பர் பேண்ட், அகலமான பிளாஸ்டிக் தட்டு, பழைய செய்தித்தாள், ஒரு கிலோ பனியன் வேஸ்ட் (துடைக்க உதவும் பனியன் துணிக் கழிவு). நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; டீசலில் தோய்ந்த பிரஷ்ஷைச் சுண்டினால் துளி நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அழுக்கை நன்றாகத்தான் கரைக்கும், ஆனால் அதன் ஆவி சாதாரண வெயிலிலேயே பற்றிக்கொள்ளும். பிரஷ் உரசலில் ஒரு பொறி போதும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். ஹெட், கார்புரேட்டர் எல்லாம் அலுமினியம் சார்ந்த உலோகக் கலவைகள். காஸ்டிக் பட்டால் அலுமினியம் அரிக்கும், கறுக்கும். ஒர்க்‌ஷாப்பில் காஸ்டிக் தொட்டியில் போடுவது இரும்புப் பாகங்களை மட்டும்தான்.

துடைப்பதற்கு முன் அழுக்கைப் படியுங்கள்

அவசரப்பட்டு பிரஷ்ஷை எடுக்காதீர்கள். எங்கே கசிகிறது என்று சொல்லப்போவது இந்த அழுக்குதான். கழுவிய பிறகு அந்தத் தடயம் கிடைக்காது. டார்ச் அடித்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். காய்ந்து பொடியாகக் கிடப்பது பழைய கதை. ஈரமாகப் பளபளப்பதுதான் இப்போதைய கசிவு. ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள், ஏனென்றால் ஆயில் மேலிருந்து கீழேதான் வழியும். டேப்பட் கவர் (ஹெட்டுக்கு மேலுள்ள மூடி) கேஸ்கட்டில் கசிந்த ஆயில் பிளாக்கின் மேல் வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் வந்து சொட்டும். அதைப் பார்த்து கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டுவது வழக்கமாக நடக்கிற தவறு. 800-இல் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கெட்டியாகிப் போனாலும் ஆயில் கியர்பாக்ஸ் மேல்தான் விழும். கிராங்க் புல்லிக்குப் பின்னால் ஈரமாக இருந்தால் முன்பக்க சீல்.

பார்த்ததை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கேஸ்கட், சீல் வாங்கும்போது அதுதான் பட்டியல்.

முதலில் மூடு, பிறகு கழுவு, கடைசியில் பிரி

புதிதாகச் செய்கிறவர்கள் இந்த வரிசையைத்தான் மாற்றிவிடுகிறார்கள். எப்படியும் கழற்றப்போகிறோமே என்று ஹோஸ், பிளக், ஆயில் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டுக் கழுவினால், எடுத்த ஒவ்வொன்றும் அழுக்குத் தண்ணீர் போக ஒரு வாசல். அதனால் ஸ்பார்க் பிளக், ரேடியேட்டர் ஹோஸ், டிப்ஸ்டிக், ஆயில் மூடி எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும். ஆயிலையும் இப்போது வடிக்க வேண்டாம். கழுவும்போது தப்பித்தவறி சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும், பிறகு ஆயிலை வடிக்கும்போது அதோடு வெளியேறிவிடும். கழுவிய பிறகு இந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓட்டி அணைத்துவிட்டு, கை வைத்துப் பொறுக்கும் சூட்டுக்கு இறங்கும்வரை காத்திருங்கள். வெதுவெதுப்பில் கிரீஸ் இளகும். கொதிக்கிற இன்ஜினில் தண்ணீர் ஊற்றினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடலாம்; டீசல் பட்டால் புகையும், பற்றவும் செய்யும். ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜின் என்றால் வெயிலில் நிறுத்தி வைத்தாலே போதும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் உரசினால் பொறி தெறிக்கும். பேட்டரியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றியதும் கார்புரேட்டர் வாய் திறந்துகொள்ளும். உள்ளே விழ முடியாத அளவு பெரிய துணிப் பந்தை வைத்து, மேலே பாலித்தீன் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் ஹோஸின் வாயையும் இப்படியே அடையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் இந்த நான்குக்கும் தனித்தனிக் கவர். டைமிங் பெல்ட்டின் பிளாஸ்டிக் மூடி உடைந்திருந்தால் அந்த ஓட்டைக்கும் ஒரு கவர். பிரேக் ஆயில் டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

காய்ந்த வேலை

அழுக்கில் பெரும்பகுதி ஒரு சொட்டு டீசல்கூடப் படாமல் வந்துவிடும். வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, மேலிருந்து சுரண்டிக்கொண்டே வாருங்கள். ஆயில் ஃபில்டருக்குக் கீழே, சம்ப்பின் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விளிம்பு, இன்ஜின் மவுண்டிங் பக்கம், கியர்பாக்ஸ் சேருமிடம் இங்கெல்லாம் விரல் தடிமனுக்குக்கூட இருக்கும். கட்டி கட்டியாகப் பெயர்ந்து வரும்போது கொஞ்சம் திருப்தியாகத்தான் இருக்கும். இந்தக் கட்டத்திலேயே டீசலை ஊற்றினால் எல்லாம் சேறாகி, சந்து பொந்தெல்லாம் பரவிவிடும்.

பிளாக்கில் பொறித்த இன்ஜின் நம்பர் வெளியே தெரிந்ததும் ஆர்சி புக்கோடு ஒத்துப் பாருங்கள். நம்பர் வேறாக இருந்தால், காசைக் கொட்டி இன்ஜின் வேலை பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

டீசல், பிறகு சோப்பு

அடியில் தட்டை வையுங்கள். டீசலை ஊற்றக் கூடாது. சின்ன டப்பாவில் எடுத்து பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுப் பூசுங்கள். பூசுவது கீழிருந்து மேலாக. மேலே தொடங்கினால், வழிந்து வரும் கறுப்புத் தண்ணீர் கீழே எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்றே தெரியாமல் செய்துவிடும். ஒரு முழ அகலத்துக்கு ஒரு பகுதி. பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறட்டும். பிறகு தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுங்கள். போல்ட் தலைகளைச் சுற்றி டூத் பிரஷ். பித்தளை பிரஷ் இரும்புக்கு. அலுமினியத்தில் அழுத்தாமல் உபயோகியுங்கள்.

ரப்பர் ஹோஸ், மவுண்டிங், பெல்ட் இவற்றில் டீசல் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். ஊற விட்டால் ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும்.

டீசலோடு நிறுத்திவிட்டால் எண்ணெய்ப் படலம் மிச்சமிருக்கும், நாளைக்கே புழுதியை இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் டிகிரீசர். டப்பாவில் சொன்ன அளவில் தண்ணீர் கலந்து அடித்து, காய்வதற்குள் தேயுங்கள். காய்ந்துபோனால் வெள்ளைத் திட்டு விழும். பிறகு ஐந்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் லிக்விட் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரை மேலிருந்து கீழாக மொண்டு ஊற்றுங்கள். தோட்டத்து ஹோஸ் என்றால் மெல்லிய ஓட்டம் போதும்.

வாட்டர் வாஷ் கடையில் விட்டால் பத்து நிமிஷத்தில் முடியுமே என்று தோன்றும். அந்தப் பிரஷரைக் கிட்டத்தில் பிடித்தால் தண்ணீரும் மணலும் ஆயில் சீல் உதட்டைத் தாண்டி உள்ளே போகும். ஒயர் கனெக்டர்களுக்குள்ளும் நிற்கும். வேறு வழியில்லை என்றால் விசிறி மாதிரி விரியும் நாசிலைப் போடச் சொல்லி, மூன்றடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கவர்கள் போட்ட இடங்களில் அடிக்கவே கூடாது.

தட்டில் சேர்ந்ததைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இரண்டு நாள் தெளிய விட்டு, மேலே மிதக்கும் எண்ணெயைப் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம். டீசல் நனைந்த துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

காயவைத்த பின்

கம்ப்ரஸர் காற்று இருந்தால் போல்ட் பள்ளங்களில் நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் பானெட்டைத் திறந்து மூன்று மணி நேரம் வெயில். இரும்புப் பகுதி காய்ந்த சூட்டிலேயே துருப் பூக்கும். துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு மெல்லத் தடவி விடுங்கள்.

இப்போதுதான் கவர்களைக் கழற்ற வேண்டும். ஒயர்களில் டேப் ஒட்டி நம்பர் எழுதுங்கள். சுத்தமான பரப்பில்தான் டேப் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் அடிப்பாகமும் ஹெட்டும் சேருமிடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால், திரும்பப் பொருத்தும்போது டைமிங்கை (பிளக்கில் பொறி விழும் நேரம்) கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே வைக்கலாம். ஆயிலையும் கூலன்ட்டையும் வடித்துவிடுங்கள்.

பிளக்கை ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, சுற்றியுள்ள பள்ளத்தைக் காற்றால் ஊதுங்கள். மரைக்குள் ஒளிந்திருந்த பொடி அப்போதுதான் வெளியே வரும். பிறகு முழுசாகக் கழற்றி, ஓட்டையை உடனே சுத்தமான பருத்தித் துணியால் அடையுங்கள். வெளியே துடைத்த பனியன் வேஸ்ட்டை இதற்கு எடுக்க வேண்டாம். அதன் நூலும் அதில் ஒட்டிய மணலும் நேராக சிலிண்டருக்குள் போய்விடும்.